முதுகில் கை எட்டாத இடம்

முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி ஓர் இடம். வலது கையைத் தோளுக்கு மேலாகக் கொண்டுபோனால் நாலு விரல் அளவு மிச்சம் நிற்கும். இடது கையை இடுப்பு வழியாக வளைத்தாலும் அங்கே போய்ச் சேராது. என் வலி அங்கேதான் தொடங்கியது.

தனியாக இருக்கிறவள் தன் முதுகுக்குத் தானே தைலம் தடவுவதற்கு நிறைய வழி பார்த்துவிட்டேன். தோசைக்கரண்டியின் முனையில் துணி சுற்றித் தடவினேன். பிறகு சமையலறைச் சுவரில் தைலத்தைப் பூசி, நின்றபடி அதில் முதுகை வைத்துத் தேய்த்தேன். அது கொஞ்சம் பரவாயில்லை. ஒருநாள் மோட்டார் போட வந்த வீட்டுக்கார அம்மா அந்தக் கறையைப் பார்த்துவிட்டார்.

"எண்ணெத் தலையோட சுவத்துல சாயாதம்மா. வெள்ளையடிச்சு ஒரு வருசந்தான் ஆகுது."

சரிக்கா என்றேன். அது தலை சாய்க்கிற உயரமில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. 

பகலில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் எனக்கு வேலை. தரையில் வரிசையாக உட்கார்ந்து, மடிக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு, பச்சை மாறாத காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று பிரிக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து தலை குனிந்தது குனிந்தபடி. திருவிழா, முகூர்த்தம் என்று வந்தால் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். நாலு தடித்த கம்பி போட்ட கிட்டார். சாதாரண கிட்டாரைவிட நீளம் அதிகம், கனமும் அதிகம். பாட்டுக்கு அடியில் டும் டும்மென்று போகிற சத்தம் அதனுடையது. அதன் பட்டை இடது தோளில் தொங்கும். இடது கை கம்பியை அழுத்துகிற இடத்தைப் பார்க்கக் கழுத்து இடப்பக்கம் திரும்பும். பகலில் குனிந்த கழுத்து, மாலையில் திரும்பிய கழுத்து. பதினாலு வருஷம் இப்படிப் போனது.

அந்தக் கிட்டார் என் கையில் வந்ததே தற்செயல். என் கணவர் ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தார். சித்திரை மாதம், தேதிகளெல்லாம் நிறைந்திருக்கிற நேரம், பேஸ் வாசிக்கிறவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "நாலே கம்பிதான், நீ கத்துக்கிருவ" என்று இவர் என் தோளில் மாட்டிவிட்டார். நாற்பது நாளில் மேடை ஏறினேன். எட்டு வருஷம் கழித்து அவர் வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டார். கீபோர்டை எடுத்துக்கொண்டு போனவர் கிட்டாரை விட்டுவிட்டுப் போனார். மறந்து விட்டதா, எனக்கென்று விட்டதா என்று நான் கேட்கவில்லை. வேறு குழுவில் சேர்ந்துகொண்டேன். அந்தக் குழுவை நடத்துபவர் பாடகர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். குழுவில் ஏழு பேர், நான் ஒருத்திதான் பெண். பாட வருகிற பெண்கள் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுவார்கள்.

எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். வேனில் எனக்கு முன் இருக்கையை விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் அந்த வேனில் ஆண்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டால் சட்டையைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுப்பார்கள். பக்கத்தில் இருப்பவன் முதுகில் ஏறி மிதிப்பான், சிரிப்பான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பேன். வலிக்குது என்று நான் சொன்னால் அவர்களும்தான் என்ன செய்ய முடியும்?

போன மாசி மாதம், போடிமெட்டைத் தாண்டி ஓர் எஸ்டேட்டில் கோயில் திருவிழா. மலையில் குளிர், ஆட்கள் காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று மாலை நாலு மணிக்கே நிகழ்ச்சியை வைத்திருந்தார்கள். நாங்கள் மத்தியானம் வேனில் ஏறினோம். மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கின. நாலாவது வளைவில் எதிரே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு இறங்கி வந்தது. எங்கள் டிரைவர் பிரேக்கை மிதித்தார். என் தலை மட்டும் முன்னால் போய்த் திரும்பி வந்தது. அவ்வளவுதான். காதுக்குக் கீழேயிருந்து தோள்வரைக்கும் யாரோ கயிற்றை முறுக்கிக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. மீதி வளைவுகளில் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனேன்.

மேடைக்குப் பின்னால் அண்ணனிடம் போய், "அண்ணே, ஒரு சேர் போட்டு உக்காந்து வாசிக்கவா?" என்று கேட்டேன்.

அவர் ஒலிபெருக்கிப் பெட்டிகளை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, சீக்காளியக் கூட்டியாந்துட்டாய்ங்கன்னு சனம் பேசாதா? ஒரு மணி நேரம் சமாளி. நடுவுல பேச்சு இருக்கு, அப்ப ரெஸ்ட் எடுத்துக்க."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நின்றே வாசித்தேன். மூன்றாவது பாட்டில் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப் போயின. தப்பான இடத்தில் அழுத்தினேன். டிரம்ஸ் வாசிக்கிறவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. திரும்பி அவரைப் பார்க்க முடியவில்லை.

எஸ்டேட் முதலாளியைப் பேச அழைத்ததும் மேடையை விட்டு இறங்கினேன். எனக்கு உடை மாற்றுவதற்காக, ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றைத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தேன். குளிர்ச்சி இதமாக இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் முடியவில்லை.

கதவைத் தட்டாமல் ஒரு பெண் உள்ளே வந்தாள். அது அவள் வீடு. என் வயதுதான் இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"டீ கொண்டாந்தேன்" என்றவள் என்னைப் பார்த்து நின்றாள். "என்னக்கா, விழுந்துட்டீகளா?"

"இல்ல. கழுத்து பிடிச்சிருக்கு. எந்திரிக்க முடியல."

"எங்கன?"

காட்ட வேண்டும் என்று கையைத் தூக்கினேன். எட்டவில்லை. அவள் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் மண்டியிட்டாள். ஜாக்கெட்டுக்கு மேலாகவே விரலால் தேடினாள். "இங்கனயா? இங்கனயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், சரியாக அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றினாள். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"நடுவேதன மாதிரிதான் இதுவும்" என்றாள். மலையில் முதுகுவலியை அப்படி மலையாளம் கலந்துதான் சொல்கிறார்கள். "ஏலச்செடிக்குக் காயி அடியில, மண்ணோட மண்ணாத்தான கெடக்கும். நாள் பூரா குனிஞ்சே எடுக்கணும். இது இல்லாத பொம்பள இந்த லைன்ல ஒருத்தி கெடையாது."

"நான் கீழ போடியில அந்தக் காயத்தான் தரம் பிரிக்கிறேன்."

"அப்பிடியா" என்று சிரித்தாள். "நாங்க எடுக்குறத நீங்க பொறுக்குறீக. ரெண்டு பேருக்கும் கழுத்து போச்சு."

கைமூட்டால் அழுத்தித் தேய்த்தாள். முரட்டுக் கை. வலி கூடியது, பிறகு மெல்ல உடைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியினால் இல்லை. என் முதுகில் இன்னொருவர் கை பட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. முகம் தரையைப் பார்த்து இருந்ததால் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். தெரிந்திருக்கவும் கூடும். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு துண்டை நாலாக மடித்து என் இடது தோளில், பட்டை அழுத்துகிற இடத்தில், ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்குக் குத்திவிட்டாள். தன் வீட்டு முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாங்கக்கா. இதுல உக்காந்து வாசிங்க. யாரு என்ன சொல்லுவா?"

மேடைவரைக்கும் அவளே வந்து முக்காலியைப் போட்டாள். அண்ணன் பார்த்துவிட்டு அடுத்த பாட்டின் பேரைச் சொன்னார். மீதி நிகழ்ச்சி முழுக்க உட்கார்ந்தே வாசித்தேன். முடித்துவிட்டு முக்காலியைக் கொடுக்கப் போனபோது அந்த வீடு பூட்டியிருந்தது. வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் போன் செய்தார். "நீ ரெண்டு மாசம் நல்லா ரெஸ்ட் எடும்மா. கீபோர்டுலயே பேஸ் போட்டுக்கிர்றோம். ஒடம்பு சரியானதும் சொல்லு, வெரசா வந்துரலாம்."

சரிண்ணே என்றேன். பேசி முடித்த பிறகும் போனை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கழுத்து எலும்பு தேய்மானம் என்றார். பயிற்சிக்காகத் தேனிக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள்.

"இடது தோள் எறங்கியிருக்கு பாருங்க. அந்தப் பக்கம் என்ன தூக்குறீங்க?"

"தண்ணிக்குடம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பேஸ் கிட்டார் என்றால் அது என்ன, எங்கே, ஏன் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். கடைசியில் இப்போது வாசிப்பதில்லை என்றும் சொல்ல வேண்டும்.

"குடத்த இடுப்புலதான வைப்பீங்க? தோள்ல யாரு வைப்பா?" என்றாள்.

கடை வேலை, கிட்டார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பேனாவை வைத்துவிட்டு, "ரெண்டுல ஒண்ண விடணும். காய் பிரிக்கிறது, இல்லேன்னா கிட்டாரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, விடலேன்னா ரெண்டையும் எப்பிடிச் செய்யணும்னு பாப்போம்" என்றாள்.

சுவரில் முதுகை ஒட்டி நின்று தாடையை உள்ளே இழுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை அப்படியே. ஒரு பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்ட வேண்டும். கை எட்டாத இடத்துக்கெல்லாம் அந்தப் பந்து போகும். இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் சுவரைக் கெடுத்திருக்க மாட்டேன். கடையில் தட்டை மடியிலிருந்து உயர்த்தி வைக்கச் சொன்னாள். இரண்டு மரப்பெட்டிகளைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்துக்கொண்டேன். "மேடையில நின்னவளுக்கு மேசை கேக்குது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெட்டியின் உயரத்தினால் எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஒரு சின்னத் தடுப்பு வந்துவிட்டது. கீழே குனிந்து பேசுகிற பேச்சு எனக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். நாளடைவில் என்னிடம் சொல்வதையும் குறைத்துக்கொண்டார்கள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும், எஸ்டேட் ஆட்கள் போகிற ஜீப்பில் ஏறி அந்த லைன் வீட்டைத் தேடிப் போனேன். ஒரு கிலோ சேவும் ஒரு புதுத் துண்டும் வாங்கிப் போயிருந்தேன். அவள் கொடுத்த துண்டு என்னிடமே தங்கிவிட்டிருந்தது. அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அடுப்பில் ஏதோ வைத்துக்கொண்டிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவுக போயி ஒரு மாசம் ஆச்சு. சாந்தம்பாறப் பக்கம்னாக. பேரு என்ன சொன்னீக?"

பேர் எனக்குத் தெரியாதே. "ஸ்வெட்டர் போட்டிருந்தாங்க" என்றேன். இந்த மலையில் ஸ்வெட்டர் போடாதவர் யார்? அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சேவுப் பொட்டலத்தை அவள் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, துண்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அடுத்த ஜீப்பு வரும்வரை ஒன்றரை மணி நேரம் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். பனி வந்து எதிர்ச் சரிவை மூடியது, விலகியது. மறுபடியும் மூடியது.

ஆவணியில் கழுத்து ஓரளவு திரும்பியது. அண்ணனுக்குப் போன் செய்தேன். கீபோர்டு பையன் பேஸையும் சேர்த்துப் பழகிவிட்டதாகச் சொன்னார். அவர் குரலில் சங்கடம் இருந்தது. "ராசிங்காபுரத்துல ஒரு வரவேற்பு இருக்கு. பக்கந்தான். வந்து பாரு." போனேன். வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோனேன். யாரிடமும் கேட்காமல் டிரம்ஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அகலமான பட்டை வாங்கியிருந்தேன், கனம் முழுக்கத் தொடையில் இருந்தது. ஜனம் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சாப்பிடப் போனார்கள். ஒரே ஒருவர், பெண்ணின் சித்தப்பா என்று நினைக்கிறேன், இறங்கும்போது, "கால்ல அடியாம்மா?" என்று கேட்டார். கழுத்து என்றேன். "எனக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று நிகழ்ச்சிகள், எல்லாம் போடியைச் சுற்றி. மலைக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. வலி போய்விடவில்லை. மழைக்காலக் காலைகளில் தலையைத் திருப்ப முடியாமல், உடம்பு முழுக்கத் திரும்பித்தான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அப்போது யாராவது பக்கத்தில் இருந்து மணி என்ன என்று சொன்னால் போதும் என்று இருக்கும்.

போன வாரம் கம்பத்திலிருந்து புதிதாக ஒரு குழுவினர் பேசினார்கள். பேஸ் வாசிக்க ஆள் வேண்டும், நிறையத் தேதி இருக்கிறது என்றார்கள். வர்றேன், ஆனா உக்காந்துதான் வாசிப்பேன் என்றேன்.  கலந்து பேசிட்டுச் சொல்றோம்க்கா என்றார்கள். இன்றைக்கு ஐந்தாவது நாள்.