பசித்தால்தான் குடுவை

ஆஸ்பத்திரி கேன்டீன் மாஸ்டருக்கு ஒரு வியாதி உண்டு: எதிரில் நிற்கும் எல்லாரும் பட்டினி கிடப்பதாகவே அவருக்குத் தோன்றும். சமையலறையைச் சோதிக்க வந்த அதிகாரியைக்கூடத் தட்டை நீட்டி உட்கார வைத்துவிட்டவர். வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகளுக்குப் போன் போட்டால் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" அடுத்தது "என்ன சாப்பிட்டே?" மூன்றாவதற்குள் அவளுக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடும்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் அவள் தன் குடுவைச் செடியை ஒப்படைத்திருந்தாள். அதன் இலை நுனிகளில் மூடி போட்ட குட்டிக் குடுவைகள் தொங்கும். தேனுக்கு ஆசைப்பட்டு உள்ளே வழுக்கி விழும் பூச்சிதான் ஆகாரம். மழைத்தண்ணீர் தவிர வேரில் எதையும் ஊற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவள் வரும்வரை அதைக் காப்பாற்றிவிட வேண்டுமே என்பதுதான் மாஸ்டரின் கவலையெல்லாம்.

ஆனால் ஜன்னலோரம் குடுவைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு தொங்குவதைப் பார்த்துச் சும்மா இருக்க அவர் என்ன கல்லா? கேன்டீனில் மீன் கழுவிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து வேரில் ஊற்றினார். மகள் வேண்டாம் என்றாளே என்று மனைவி இழுத்தாள். அவள் எதைத்தான் வேண்டும் என்றிருக்கிறாள் என்று கேட்டு வாயை அடைத்தார்.

இலைகள் தளதளவென்று வந்தன. பெருமை தாங்காமல் வீடியோ காலில் காட்டினார்.

"குடுவை எங்கப்பா?" என்றாள் மகள்.

அப்போதுதான் அவரும் பார்த்தார். பழையவை கருகியிருந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை.

"வேர்லயே எல்லாம் கிடைச்சா அது ஏன் குடுவை விடப்போகுது? பசிச்சாதான்பா விடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் மட்டும் ஏன் இவ்வளவு தூரம் வந்தேன்னு நினைக்கிறீங்க?" என்றாள்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

பிறகு வேரை மழைத்தண்ணீரில் அலசி, மண்ணுக்குப் பதிலாகப் போடும் பாசியைப் புதிதாக நிரப்பி அதில் நட்டார். ஊற்றத் துடித்த கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு நகத்தளவு குடுவை ஒன்று எட்டிப் பார்த்தது. விளிம்பில் ஊர்ந்த எறும்பை லேசாகத் தட்டிவிடலாமா என்று வந்த ஆசையைக்கூட அடக்கிக்கொண்டார்.

மகளுக்குக் காட்டினார். மழை, பஸ், பக்கத்து வீட்டுச் சண்டை என்று எதையெதையோ பேசினார். நாக்கு நுனிவரை வந்ததை மட்டும் விழுங்கினார். அன்று அவளுக்கு எந்த மீட்டிங்கும் வரவில்லை.

"அப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானேம்மா இருக்கேன்."

"பின்ன ஏன் சாப்பிட்டியான்னு கேக்கவே இல்ல?"