கழுவாத திராட்சை

"கழுவித் தின்னுங்க சார். எங்க அண்ணன் முந்தாநாளுதான் மருந்தடிச்சாக." இப்படிச் சொல்லி, என்னிடம் வேலைபார்த்த பெண் என் மேசைமேல் ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சையை வைத்துவிட்டுப் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அல்லிநகரத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் ஆய்வுக்கூடம் வைத்து நாங்கள் டெங்குக் கொசு வளர்த்துக்கொண்டிருந்தோம். ஊரே கொசுவை ஒழிக்க வழி தேடும்போது, சம்பளம் வாங்கிக்கொண்டு கொசு வளர்த்தவன் நான். கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிக்காமல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. புதுப்புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்க, எந்த மருந்தும் படாத கொசுக்கூட்டம் ஒன்று எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். விஞ்ஞானி, நிர்வாகி என்று பலகையில் இருந்தது என் பெயர். வளர்த்தது என்னவோ அவள்தான்.

தேவாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். தற்காலிக வேலை. தட்டுத் தண்ணீரில் நெளியும் கொசுப்புழுக்களுக்கு நாய் பிஸ்கட்டைப் பொடித்துத் தூவுவாள். பவுடர் பூசமாட்டாள், வீட்டில் கொசுவத்தி கொளுத்தமாட்டாள். கேட்டால், "அந்த வாடை இதுகளுக்கு ஆகாது சார்" என்பாள். அந்த வருஷம் அவளை நிரந்தரமாக்கச் சொல்லி நானே மேலிடத்துக்கு எழுதியிருந்தேன்.

வலைக்கூண்டுக் கொசுக்களுக்கு ஊறவைத்த உலர்திராட்சை வைப்பது எங்கள் வழக்கம். அவள் பழம் தந்த சனிக்கிழமை சாயங்காலம் அது தீர்ந்திருந்தது, அவளும் கிளம்பிவிட்டாள். கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு உலர்ந்த பழத்தைத் தேடுவானேன் என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். தின்றது போக மீதியைக் கீறிக் கூண்டு கூண்டாக வைத்தேன். நான் தின்றதைக் கழுவித்தான் தின்றேன். கொசுவுக்கு யார் பழம் கழுவுவார்கள்?

திங்கட்கிழமை கூண்டுகளின் அடியில் கொசுக்கள் மிளகுத்தூள் கொட்டியதுபோலக் கிடந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. மேலதிகாரி ஃபோனில் விளக்கம் கேட்டுக் கத்தினார். 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது. அவள் கூண்டுக்குள் கைவிட்டு ஒரு பழத்தோலை எடுத்துப் பார்த்தாள். "கழுவலையா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். கொசு முட்டையிட்ட தாள்களைக் காயவைத்து, யாரும் சொல்லாமலே சேர்த்து வைத்திருந்தாள். டெங்குக் கொசுவின் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். அவற்றைத் தண்ணீரில் போட்டாள். இரண்டு வாரத்தில் கூண்டுகள் மறுபடி இரைந்தன. 'கூட்டம் மீண்டது' என்று மேலிடத்துக்கு எழுதினேன். முதல் கடிதத்தைத் திருத்தி எழுத மட்டும் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அவளை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அன்றைக்கு உட்கார்ந்து நடந்ததையெல்லாம் எழுதினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், பதிலே வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம், தேவாரத்தில் அவளைப் பார்த்தேன். கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் கூலிவேலை முடிந்து திரும்பிய ஜீப்பிலிருந்து இறங்கினாள். அங்கேயே, நடுரோட்டில் சொல்லிவிட்டேன்: "உன்னைக் குறைசொல்லி எழுதினது நான்தாம்மா."

"தெரியும் சார்" என்றாள். தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். பிறகு, "முட்டைத்தாளக் காயவச்சு எடுத்து வைக்கிறாகளா சார் இப்ப? இல்லேன்னா, மறுக்கா கொசுவெல்லாம் செத்துப்போனா என்ன செய்வாக?" என்று கேட்டாள்.