பாக்கியநாதன் சார் பூசிய பளபளப்பு

பாக்கியநாதன் சார் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் யார்டின் வாட்ஸப் குழுவில் வந்தபோது, நான் எர்ணாவூரில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். மாரடைப்பாம். ராயபுரத்தில் வீட்டிலேயே முடிந்துவிட்டதாம். டீ ஆறுவதற்குள் கும்பிட்ட கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ‘தங்கமான மனிதர்’ என்றார் ஒருவர். ‘அவர் கை பட்டால் இரும்பும் மின்னும்’ என்றார் இன்னொருவர். இரண்டாமவர் தெரியாமலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். நான் எதுவும் எழுதவில்லை.

பிறகு எங்கள் தொழிற்சங்கச் செயலாளர் போன் செய்தார். “கூட இத்தினி வருசம் வேல செஞ்சவன் நீ. நம்ம மாச இதழுக்கு நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுபா” என்றார். எழுதுகிறேன். நல்லதாக வராவிட்டால் என்மேல் வருத்தப்படாதீர்கள். அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களிடம் நான் நடிக்கத் தேவையில்லை.

அவர் எங்கள் கன்டெய்னர் யார்டின் பராமரிப்புப் பொறுப்பாளர். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அவருக்கு நாம் வைத்த பெயர் ‘புஸ்ஸு சார்’. கையில் எப்போதும் ஒரு ஸ்பிரே டப்பா இருக்கும். கீல், சங்கிலி, போல்ட், வண்டியின் அடித்தட்டு என்று எதைக் கண்டாலும் புஸ்ஸென்று அடித்துவிட்டுப் போவார். ஸ்பிரேயை நான் குறை சொல்லவில்லை. எண்ணூரின் உப்புக் காற்றில் நேற்று வாங்கிய பூட்டுகூட இன்று சிவந்து நிற்கும். உப்பைக் கழுவி, காயவிட்டு, துருவைத் தேய்த்து எடுத்தபின் அடித்தால் அது இரும்புக்கு மருந்து. அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் கொஞ்ச நாளில் போய்விடும் என்பதால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் துருவின் மேலேயே அடித்தால் மேலே புதிதுபோல் மினுங்கும். அடியில் துரு நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும். சார் அடித்தது பெரும்பாலும் அப்படித்தான். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் காலையிலிருந்தே ‘புஸ்’ சத்தம் கேட்கும். “துரு போவணும்னு எவன் கேட்டான்? கண்ணுக்குத் தெரியக் கூடாது, அவ்ளோதான்” என்பார். நாம் எல்லோரும் சிரித்தோம். அவர் பேச்சில் சிரிப்பு வரும் என்பதை மறுக்கமாட்டேன்.

ஒருமுறை அப்படி ஓர் ஆய்வு வர இருந்த காலை. பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்றின் முன்சக்கரங்களைக் கழற்றி, பிரேக் டிரம்மைத் திறந்துபோட்டிருந்தார்கள். மழையில் நனைந்து டிரம்மின் உட்பக்கம் செம்மண் பூசியதுபோல் இருந்தது. மெக்கானிக் பாஷா பாய் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தார். சார் வந்தார், “இதுக்கெல்லாம் டைம் கெடையாது” என்று சொல்லி உள்ளேயே அடித்தார். பாஷா பாய் சாரின் கையைப் பிடித்தார்.

“சார், பிரேக்ல எண்ண பட்டா புடிக்காது சார்.”

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். “உள்ள அடிக்காதீங்க சார், ஆளு ஓட்டுற வண்டி” என்றேன்.

“நீ ஓட்டுறவன் ஓட்டு. வைத்தியம் சொல்லாத” என்றார்.

பாஷா பாயை வேறு வேலைக்கு அனுப்பினார். என்னைக் கடைசி ஷெட்டுக்கு விரட்டினார். வேறு ஒருவரை வைத்து அப்படியே மூடி, சக்கரத்தை மாட்டிவிட்டார்.

அன்று நான் திரும்பி வருவதற்குள் அந்த வண்டியை எடுத்தவன் முனுசாமி. வியாசர்பாடிக்காரன், என் தோஸ்து. குடோன் மேடையிலிருந்து சாய்தளத்தில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள்மேல் ஏறக் கூடாதென்று ஸ்டீயரிங்கைத் தூணைப் பார்த்து ஒடித்துவிட்டுக் குதித்தான். பின்சக்கரம் அவன் வலது பாதத்தின் மேல் ஏறியது. நான் ஓடிவந்தபோது அவன் கத்தவில்லை, “யாருக்காவது அடியா?” என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் பாதி பாதத்தை எடுத்தார்கள்.

இந்த இடத்தில் உங்களில் பலர் சொல்வதை நானும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் பாக்கியநாதன் சார்தான். ரத்தம் வேண்டுமென்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்தார். முனுசாமியின் மனைவிக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, “நான் கீறேன்மா, பயப்படாத” என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நானே பார்த்தேன்.

விசாரணையில் அதே மனிதர், “ஆபரேட்டர் வேகமா எறக்கிட்டான். வண்டி மேல தப்பில்ல” என்றார். நான் எழுந்து, அன்று காலை அவர் டிரம்முக்குள் அடித்ததைப் பார்த்தேன் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஸ்பிரே துருவுக்கு அடிக்கிறது. பிரேக்குக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது” என்றார். டிரம்மைத் திறந்து பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. யாரோ அதற்குள் கழுவிவிட்டார்கள். பாஷா பாய்க்கு மூன்று பெண் பிள்ளைகள். அவர் வாயைத் திறக்கவில்லை. முனுசாமியின் வேலை போனது. நான் சொன்னது பகையில் சொன்னது என்றாகிவிட்டது. அதுவரை பகை கிடையாது. அன்றிலிருந்துதான்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முனுசாமிக்காகப் பேசிப் பார்க்கலாமென்று ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் தன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரை ஊற்றி உப்பைப் போக்கினார். துணியால் துடைத்து வெயிலில் காயவிட்டார். செயின் கவரில் இருந்த துருவைப் பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு ஒரு பாலிதீன் பையை எடுத்து, முன்சக்கரத்துப் பிரேக் டிஸ்க்கில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினார். அதற்கப்புறம்தான் ஸ்பிரேயை எடுத்தார். அதையும் நேராக அடிக்கவில்லை. துணியில் அடித்துத் துடைத்தார்.

“பையி எதுக்கு சார்?” என்றேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். துணியை ஹேண்டிலில் போட்டார். பிறகு சொன்னார்: “இது என் வண்டிபா.”

பேச வந்தவன் அப்படியே திரும்பி நடந்தேன். அறியாமல் செய்தார் என்றால் என்றாவது ஒருநாள் ஆறியிருப்பேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இப்போது உங்களுக்கும் தெரியும்.

காசிமேட்டுக் கல்லறைக்கு நான் போனேன். மாலை போடப் போகவில்லை. முனுசாமி வருவான் என்று போனேன். ஊன்றுகோலோடு வந்தான். பெட்டியின் மேல் ஒரு மாலையை வைத்துக் கும்பிட்டான். வெளியே வந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்கு இன்னாடா தலையெழுத்து? அந்தாளுக்கு மாலையா?”

“என் ஒடம்புல அவரு ரத்தம் ஓடிகினு கீது மாமு.”

“காலை எடுத்ததும் அவருதான்டா.”

“அது எனுக்குத் தெரியாதா? நடக்கசொல்லோ தெனம் தெரியுது. அதுக்காவ செத்தவனாண்ட போயி சண்ட போடுவியா? நான் வுட்டுட்டேன். நீயும் வுட்டுடு.”

அவனை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அவன் விட்டுவிடலாம், அது அவன் கால். நான் விடவில்லை. மன்னிப்பு அவர் கேட்கவுமில்லை.

போன வாரம் யார்டுக்கு மறுபடியும் ஆய்வு வந்தது. புதிய பொறுப்பாளர், நல்ல மாதிரியாகப் பேசுகிறவர், ஒரு டப்பாவைக் குலுக்கிக்கொண்டே என் வண்டியின் பளு தூக்கும் சங்கிலியை நோக்கி வந்தார். நான் இன்ஜினை அணைத்தேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவருக்கும் சங்கிலிக்கும் நடுவில் நின்றேன். “முதல்ல தேச்சுக் கழுவணும் சார். ஒவ்வொரு கண்ணியாப் பாக்கணும். அப்புறம்தான் எண்ண. அதுவரைக்கும் இந்த வண்டி நகராது” என்றேன். அவர் முகம் சிவந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் யார்டின் கேட் அருகே வந்துவிட்டார்கள். கடைசியில் பாஷா பாய்தான் உப்புத்தாளையும் ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்து சங்கிலிக்கு அருகில் உட்கார்ந்தார்.

பாக்கியநாதன் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அன்பல்ல, மரியாதையும் அல்ல. கோபம்தான். அதைத் துருப்பிடிக்க விடமாட்டேன்.