பென்சில் படாத தாள்

பூ எங்கிருந்து எடுக்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். இவருக்கு அது எதற்கு என்று தோன்றும். நான் சொல்வது பூத்தையல் பூ. மேசைத் துணியிலும் தலையணை உறையிலும் ஊசியால் போடுகிற பூ. ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் போய் உட்கார்ந்தவள் நான். இப்போது அறுபத்தெட்டு வயது. சாரம் என்கிற பகுதியில் மகன் வீட்டில் இருந்துகொண்டு, டவுனில் ஒரு கடைக்குத் தைத்துக் கொடுக்கிறேன்.

கேட்டால் சொல்ல மாட்டேனே தவிர, பூ வருகிற இடங்கள் எனக்குத் தெரியும். பேத்தியின் அறிவியல் புத்தகத்தில் வெங்காயத் தோலைப் பெரிதாக்கி ஒரு படம் போட்டிருந்தார்கள். கோணல் மாணலாகச் செங்கல் அடுக்கினது போல இருந்தது. அது ஒரு தலையணை உறைக்கு ஓரமாகப் போயிற்று. நான் வேதக்காரி இல்லை. ஆனாலும் மாதா கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கலர் கண்ணாடி வழியாகத் தரையில் விழுகிற நீலம் எந்த நேரத்தில் ஊதாவாகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நூல் வாங்கும்போது அது உதவும். கடற்கரைப் பக்கத் தெருக்களில் பழைய வீடுகளின் இரும்புக் கேட்டுகளைப் பார்ப்பேன். ஒரு நாள் வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டான்.

"இன்னாம்மா, அரை மணி நேரமா கேட்டையே பாத்துக்கினு இருக்க?"

"ஒண்ணுமில்லப்பா. பஸ்ஸுக்கு."

"இந்தத் தெருவுல பஸ்ஸே வராது."

அதன் பிறகு அந்தத் தெருப் பக்கம் நான் போகவில்லை. கேட்டில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. மீதியை நானே முடித்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருமகள் வீட்டாரோடு வீராம்பட்டினம் தேர் பார்க்கப் போனேன். எனக்குக் கூட்டம் ஆகாது. யாரிடமும் சொல்லாமல் கரையோடு நடந்து, ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் போய்விட்டேன். தண்ணீர் வற்றியிருந்தது. ஈர மணலில் யாரோ மிளகைக் கொட்டி அழகு பார்த்தது போல உருண்டை உருண்டையாக மணல். குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவு நண்டு. மணலை வாயில் அள்ளிப் போட்டு, அதில் தனக்கு வேண்டியதைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது. வளையைச் சுற்றி வட்டம் வட்டமாக உருண்டைகள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பக்கம் மட்டும் ஒரு கோடு காலியாக இருந்தது. ஆள் வந்தால் வளைக்குத் திரும்பி ஓட நண்டு வைத்திருக்கிற வழி அது. கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். மருமகள் வீட்டார் என்னைக் காணோம் என்று தேடி, போலீஸ்காரரிடம் சொல்லப் போகிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தேன். எங்கே போனேன் என்று அன்று சொல்லவில்லை.

அந்த நண்டு வேலை முடிச்சுத் தையலுக்கென்றே செய்தது போல இருந்தது. ஒரு உருண்டைக்கு ஒரு முடிச்சு.

இந்த இடத்தில் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் ட்ரேஸ் தாளில் பென்சிலால் வரைவோம். கோட்டின் மேல் ஊசியால் நெருக்க நெருக்கக் குத்துவோம். குத்திய தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் நீலப்பொடியைத் தேய்த்தால் புள்ளி புள்ளியாகப் படம் துணியில் இறங்கிவிடும். எனக்குப் பென்சில் பிடித்தால் கை நடுங்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. ஊசி பிடித்தால் நடுங்காது. அதனால் நண்டு வட்டத்தை நேராக ஊசியாலேயே குத்தினேன். புள்ளிக்குக் கோடு எதற்கு?

அப்படிக் குத்தியதுதான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

கடைக்காரர் நாற்பது வயதுக்கு மேல் உள்ளவர். அவர் அம்மாவிடமிருந்து கடை அவருக்கு வந்தது. பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். மதாம் என்றுதான் நான் கூப்பிடுவேன். நல்லவர்தான். நல்லவர்தான் என்று எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பிரான்சிலிருந்து வந்து போகிற ஒரு வாடிக்கைக்கார அம்மா, பன்னிரண்டு பேர் உட்காருகிற மேசைக்குத் துணி கேட்டிருந்தார். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத டிசைனாக இருக்க வேண்டும் என்று ஒரே நிபந்தனை. என் நண்டு வட்டத்தில் ஒரு கைக்குட்டை அளவு தைத்துக் காட்டினேன். மதாமுக்குப் பிடித்துப்போயிற்று. முழுத் துணியையும் தொடங்கிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்குப் போனபோது மேசைமேல் ஒரு தடிப் புத்தகம் திறந்திருந்தது.

"உக்காருங்கம்மா. இதப் பாருங்க."

பார்த்தேன். ஒரு ஓவியத்தின் படம். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், வட்டத்துக்குள் வட்டம். என் துணியேதான்.

"இன்னா மதாம் இது?"

"நான் கேக்க வேண்டியத நீங்க கேக்கறீங்க. மூணு வருஷமா இந்த புக் அந்த ஷெல்ஃபுலதான் இருக்கு. வாரா வாரம் அதுக்குக் கீழ பெஞ்சுலதான் நீங்க உக்காந்துக்கினு இருக்கீங்க."

"நான் தொட்டதில்ல மதாம்."

"குத்துன தாளக் குடுங்க."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பென்சில் எங்க?"

"போடல."

"பென்சில் போடாம யாரும்மா குத்துவாங்க? அதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

உண்மைதான். எங்கள் தொழிலில், பென்சில் படாத குத்துத்தாள் என்றால் திருட்டு. இன்னொருவருடைய புத்தகத்தின் மேல் தாளை வைத்துக் குத்துகிறவர்கள் பென்சில் போட மாட்டார்கள், கோடுதான் கீழே தெரிகிறதே. தையல் கூடத்தில் ஒருத்தி அப்படிச் செய்து, சிஸ்டர் அந்தப் பக்கத்தை வெயிலில் காட்டி, ஊசித்துளை வழியாக வெளிச்சம் வந்து, அன்று மத்தியானமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதையை நான்தான் சிரித்துக்கொண்டே மதாமுக்குச் சொல்லியிருந்தேன்.

"அப்ப அந்தப் பக்கத்த வெளிச்சத்துல காட்டிப் பாருங்க மதாம்" என்றேன். நான் அவ்வளவு பேசியதே அதிகம்.

காட்டினார். துளை இல்லை. ஆனாலும் அவர் முகம் மாறவில்லை.

"குத்தலன்னா இன்னா? கண்ணால பாத்துட்டுப் போயிக் குத்துனாலும் குத்துனதுதான். இதோ, எல்லா வட்டத்துலயும் ஒரு பக்கம் காலியா விட்டுட்டீங்க. புக்குல அப்டி இல்ல. ஞாபகத்துல போட்டா இப்டித்தான் விட்டுப்போவும்."

நண்டின் வழியைத்தான் அவர் மறதி என்கிறார்.

"அந்தம்மா திங்கக்கிழமை வராங்க. எங்கேந்து எடுத்தீங்கன்னு சொல்லுங்க, துணி போவும். சொல்லலன்னா ஆர்டர் வேணாம்னுடறேன். அதுக்கப்புறம் உங்களுக்கு எப்டி வேலை குடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா."

புத்தகம் இருந்த இடத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். ஷெல்ஃபில் அந்த இடைவெளியில் தூசியே இல்லை. மூன்று வருஷமாக அங்கே இருந்த புத்தகம்தானா அது?

வீட்டுக்கு வந்து மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வழி இல்லை.

"நண்டுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான அத்தை. நண்டு வந்து கேஸா போடப் போவுது?"

"சொன்னா எடம் தெரிஞ்சிடும்மா. அந்தக் கடையில இன்னும் ஆறு பேரு தைக்கறாங்க. அவங்களுக்குக் காட்டிட்டா?"

"காட்டுனா அவங்களும் நண்டு போடட்டும். கடல்ல நண்டுக்கா பஞ்சம்?"

"உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது. தேருக்குப் போன எடத்துல நண்டு பாத்துக்கினு இருந்தவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று வருஷம் அந்த பெஞ்சில் காத்திருக்கிறேன். மதாம் போனில் பேசும்போது கை சும்மா இருந்திருக்குமா? ஒரு தரம் புரட்டியிருப்பேனோ? அந்தப் படம் உள்ளே போய் உட்கார்ந்திருந்ததால்தான் மணலில் அது என் கண்ணில் பட்டதோ? வெங்காயத் தோலை நான் வரைந்தேனா, அந்தக் கேட்டை நான் அடித்தேனா? கண்ணால் பார்த்துவிட்டுப் போய்க் குத்தியதுதான் எல்லாமே. அப்படிக் கணக்குப் பார்த்தால் என் ஆயுசு முழுக்கப் பென்சில் படாத தாள்தான். ஆனால் அந்தக் காலி வழி மட்டும் புத்தகத்தில் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் மீன்காரம்மா வந்தாள். வீராம்பட்டினத்துக்காரி.

"நாளைக்கு எப்ப தண்ணி வத்தும்?"

"சாயந்திரம் வத்தும். உனுக்கு எதுக்குக்கா அது? வலை போடப் போறியா?"

மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மருமகளை விட்டு மதாமுக்குப் போன் போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மதாம் ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் உட்கார்ந்து போனேன். கரையில் இறங்கி நடக்கும்போது, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று மட்டும் கேட்டார். அவர் கால் செருப்பு மணலில் புதைந்தது.

அந்த இடத்தில் உருண்டைகள் இருந்தன. போன தடவையைவிட அதிகம். நண்டு ஒன்றுகூட இல்லை.

"குப்பையா?" என்றார் மதாம்.

"அசையாம நில்லுங்க மதாம்."

நின்றார். அவர் கடையில் அவரை அப்படி நிற்கச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் ஒரு வளையில் கண் தெரிந்தது. பிறகு நண்டு முழுதாக வந்தது. மணலை அள்ளியது, உருட்டியது, தள்ளியது. அதன் பக்கத்து வளையில் இன்னொன்று. மதாம் மெல்லக் குந்தினார். அவர் துப்பட்டா காற்றில் அடித்ததும் எல்லா நண்டும் ஒரே நேரத்தில், வட்டத்தில் காலியாக இருந்த அந்த ஒரு கோட்டின் வழியாக ஓடி உள்ளே புகுந்துகொண்டன. ஒரு உருண்டைகூடக் கலையவில்லை.

மதாம் அந்தக் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இதுதானா நீங்க விட்டது?"

"நான் விடல மதாம். அது விட்டது."

அடுத்த வளையின் கோட்டையும் தொட்டுப் பார்த்தார். பிறகு, "புக்குல படம் போட்டவரு இத எங்கனா பாத்திருப்பாரோ?" என்றார்.

"பாத்திருந்தா வழிய விட்டிருப்பாரு" என்றேன்.

அவர் சிரித்தார். உங்களைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தார். "அந்தம்மாகிட்ட காட்டணும்ல. இந்தத் துணிக்கு இதுதான் சாட்சி" என்றார். அந்தம்மாவுக்கு மட்டும்தானா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

"இந்த எடத்த வேற யாருக்குனா காட்டுனீங்களா?"

"இல்ல."

"காட்டாதீங்க" என்றார். எனக்காகச் சொன்னாரா, கடைக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. துணி அந்த மாசமே முடிந்து அந்தம்மாவிடம் போயிற்று. எனக்கு வேலையும் நிற்கவில்லை.

அன்று கரையிலிருந்து திரும்பும்போது மதாம் நல்ல மனநிலையில் இருந்தார். ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். "இந்த மாதிரி இன்னும் இன்னான்னா பாத்து வெச்சிருக்கீங்கம்மா?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"இதோட சரி மதாம்."

அப்போது ஊர் எல்லையில் ஒரு வீட்டுக்குப் பழைய நீல வலையை வேலியாகக் கட்டியிருந்தார்கள். அதில் பீர்க்கங்கொடி ஏறியிருந்தது. சாயந்திரப் பூ அப்போதுதான் விரிந்து, வலைக் கண்களில் ஒன்று விட்டு ஒன்று மஞ்சளாக நின்றது. நன்றாகத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஆனால் ஸ்கூட்டர் கண்ணாடியில் மதாமின் கண் தெரிந்தது, அது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தூசி விழுந்தது போல முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலி தாண்டும் வரை மறுபக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.