சிவப்பை எடுத்த சொட்டு மருந்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பல்லடம் பக்கத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேசியே ஆகவேண்டிய ஒரே ஒரு இடத்தில் அந்த வாய் பொய் சொன்னது.

மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கும்போது சோகை இலை ஒன்று என் வீட்டுக்காரரின் வலது கண்ணைக் கீறிவிட்டது. மறுநாள் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

“பாவு தீரட்டும் அம்மணி. இன்னும் அஞ்சே நாளு.”

எங்கள் ஊரில் காய்ச்சல்கூடப் பாவு தீர்ந்த பிறகுதான் வரவேண்டும். தறியில் ஏற்றிய அந்தப் பாவு நூல் பாதியில் நின்றால் தறிக்காரனுக்குச் சோறு இறங்காது. நானும் அதே தறிச் சத்தத்தில் பிறந்தவள்தானே, விட்டுவிட்டேன்.

அதோடு என்னிடம்தான் மருந்து இருந்ததே! முந்தின வருஷம் எனக்குக் கண் அரித்துச் சிவந்தபோது மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. ரெண்டே நாளில் சிவப்பு போன இடம் தெரியவில்லை. அதனால் தீர்ந்ததும் இன்னொரு பாட்டில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். அதை அவருக்கு ஊற்றினேன். சிவப்பு குறைந்தது. “டாக்டரம்மா” என்று கிண்டல் செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாவு தீர்ந்த அன்று கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. பஸ் ஏறி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். விளக்கை வைத்துப் பார்த்தவர் பூஞ்சைப் புண் மாதிரி இருக்கிறது என்றார். “இதுக்கு முன்னால ஏதாச்சும் மருந்து ஊத்துனீங்களா?”

அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்க வேண்டுமே என்று, “இல்லீங்க” என்றேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

மணிக்கொரு தடவை ஊற்றச் சொல்லி டாக்டர் கொடுத்த மருந்து எரிந்தது. கண்ணும் மறுபடி சிவந்தது. “இது வேண்டாம் கண்ணு, உன்ற மருந்தவே ஊத்து. அதுதான் எதமா இருக்குது” என்றார் வீட்டுக்காரர். ஊற்றினேன். மூன்று நாள், இமையை விரித்துப் பிடித்து, ஒரு வேளை தவறாமல் ஊற்றினேன்.

நாலாம் நாள் கருவிழி ஓட்டையாகிவிட்டது. சீழ் கண் குழிக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிக் கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் பிரிக்கப் போன அன்று அவரை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். வெளியே நான் பையிலிருந்து துண்டை எடுக்கும்போது என் சொட்டு மருந்து பாட்டில் கீழே விழுந்தது. நர்ஸ் எடுத்துப் பார்த்தாள். “ஏனுங்க்கா, இத எதுக்கு வச்சிருக்கறீங்க? இது சிவப்பத்தான் அமுக்கும். புண்ணு இருக்கற கண்ணுல ஊத்துனா பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரிங்க” என்றாள். பாட்டிலைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, “சும்மா கெடந்துச்சு கண்ணு” என்றேன். இரண்டாவது பொய்.

இப்போது தினமும் காலையில் அந்தக் குழியைச் சுத்தம் செய்து பொய்க் கண்ணை வைத்துவிடுவது நான்தான். அவர் குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கிக் கொடுக்கிறார். அப்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன். வாய் வராது. செத்துப்போகலாம் போலிருக்கும்.

போன மாதம் காரமடையிலிருந்து அவருடைய அக்கா பார்க்க வந்தார். இவர் என்னைக் காட்டி, “இவ மட்டும் நேரந்தவறாம மருந்து ஊத்தலீன்னா இன்னொரு கண்ணும் போயிருக்குமுங்க்கா” என்றார். அந்த அம்மாள் எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்துத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.