தறி நிற்கும் நேரத்தில் கிட்டார்

போன வருடம் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து, சங்கரன்கோவில் பழையபடி தறிச் சத்தத்துக்குத் திரும்பிய வாரம் அது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று சோதித்துச் சொல்வதுதான் வேலை. எதற்கும் பட்டியல் போடும் பழக்கம் இந்த வேலையால் வந்ததா, அந்தப் பழக்கத்தால் இந்த வேலைக்கு வந்தேனா என்று தெரியாது. ‘முப்பதுக்குள் கற்றுக்கொள்ள வேண்டியவை’ என்றும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். நீச்சல், கார் ஓட்டுவது, கிட்டார். முதல் இரண்டுக்கும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்பதால் மூன்றாவதில் ஆரம்பித்தேன்.

வீடியோ பார்த்துத்தான் பயிற்சி. ஐந்து மாதத்தில் மூன்று கார்டு கைக்கு வந்திருந்தது. கார்டு என்பது, சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரே வீச்சில் மீட்டுவது. ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என் விரல்கள் போய்ச் சேர்வதற்குள் கேட்பவர் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். முதல் வாரம் அப்பா எட்டிப் பார்த்து, “நீதானா? எதுத்த தறில நூலு அந்துட்டோன்னுல்லா பாத்தேன்” என்றார்.

எனக்குத் தைரியமே எதிரே இருந்த விசைத்தறிக்கூடம்தான். எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. காலை வேலை தொடங்கும் முன் ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு வாசிப்பேன்.

அன்று மாதாந்திர மின்தடை. அது எனக்கு நினைவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே இரண்டு கார்டை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டிருந்தேன். தறிகள் நின்று எவ்வளவு நேரம் ஆனதோ, தெருவில் யாரோ சத்தமாகச் சொன்னது அப்படியே காதில் விழுந்தது.

“ஏலே, யாருவே அது? வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு!”

சிரிப்புச் சத்தம். கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. என் அறைச் சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டு அக்கா. வீட்டிலேயே நைட்டி தைப்பவர். அவருடைய கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார்.

“ஏட்டி, ஏன் நிறுத்திட்டே? அதைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வா.”

அவர்களுடைய மகளுக்கு மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காது. நான்கு மாதங்களுக்கு முன்புதான் அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் கருவி பொருத்தியிருந்தார்கள். காதுக்குப் பின்னால் சின்னதாக வெளிக்கருவியும் உண்டு. கருவி வைத்தவுடன் கேட்டுவிடாதாம். சத்தம் என்பது என்ன என்பதையே குழந்தை பழக வேண்டுமாம். திருநெல்வேலியில் பயிற்சி கொடுக்கும் மேடம், சத்தம் கேட்டால் ஒரு பொருளை எடுத்துப் பெட்டியில் போடப் பழக்கச் சொல்லியிருந்தார். எதெல்லாம் கேட்கிறது என்று எழுதிக்கொண்டு வந்தால், அதையும் பார்த்துத்தான் கருவியின் அளவைக் கூட்டிக் குறைப்பார்களாம்.

“தட்டு, கரண்டி எல்லாம் தட்டிப் பாத்துட்டேன். ஒருநா திரும்புதா, ஒருநா திரும்ப மாட்டேங்கா. இந்தத் தெருவுல எங்கட்டி சத்தமில்லாம இருக்கு? நீ ஒண்ணு ஒண்ணா நிறுத்தி நிறுத்தித்தான அடிக்க, அதான் கேக்கேன்.”

நிறுத்தி நிறுத்தி அடிப்பதை யாராவது தகுதியாகக் கருதியது அதுதான் முதல் தடவை.

தறிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் நிறுத்துவார்கள். தினமும் அந்த நேரத்தில் போனேன். பாப்பா எனக்கு எதிரே உட்காருவாள். மடியில் நூல் தீர்ந்த காலிக் குழல்கள், பக்கத்தில் ஒரு வாளி. நான் ஒரு கம்பியை மீட்ட வேண்டும், அவள் ஒரு குழலை வாளியில் போட வேண்டும். ஆறு கம்பிக்கும் கட்டம் போட்டு, கம்பிக்கு மூன்று முறை என்று அட்டவணை தயாரித்தேன்.

மூன்றாம் நாளிலிருந்தே டிக் விழ ஆரம்பித்தது. பத்து நாளில் தாள் முழுக்க டிக். தடித்த கம்பி, மெல்லிய கம்பி, எதை மீட்டினாலும் குழல் விழுந்தது. அக்கா கணவருக்கு வீடியோ காலில் அந்தத் தாளைக் காட்டினார். அவர் அந்தப் பக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அக்கா கேசரி கிளறி நான்கு வீட்டுக்குக் கொடுத்தார். “எம்புள்ளைக்கு ஆறு கம்பியும் கேக்கு” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

பாப்பாவோடு அக்கா திருநெல்வேலி மேடத்திடம் போக இரண்டு நாள் இருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு கம்பியை மீட்டப் போனேன். மூக்கு அரித்தது. கையைப் பாதியில் எடுத்துவிட்டேன். கம்பியில் விரல் படவே இல்லை.

டக்கென்று குழல் வாளியில் விழுந்தது.

அக்கா அடுப்பருகே திரும்பி நின்றிருந்தார். எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு முறை கையை மட்டும் அசைத்தேன். குழல் விழுந்தது. கிட்டாரோடு அவள் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மீட்டினேன். அவள் குழலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முன்பு உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கம்பியையும் மீட்டினேன். ஒன்றுக்கும் திரும்பவில்லை.

பத்து நாளும் அவள் கேட்கவில்லை. என் கையைப் பார்த்திருக்கிறாள். அத்தனை கெட்டிக்காரக் குழந்தை. தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் எனக்கு, குழந்தையைப் பின்பக்கம் திருப்பி உட்கார வைக்கத் தோன்றவில்லை. டிக் விழ வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன்.

சொல்லாமல் போய்விடலாமா என்று நினைத்ததையும் மறைக்கக் கூடாது. கேசரி கொடுத்த கை கண்முன் வந்தது. ஆனால் அந்தத் தாளை நம்பி யாராவது கருவியை அப்படியே விட்டுவிட்டால்?

அக்காவைக் கூப்பிட்டு, கையை மட்டும் அசைத்துக் காட்டினேன். குழல் விழுந்தது. விளக்கம் தேவைப்படவில்லை.

“அவருகிட்ட சொல்லிட்டனேட்டி” என்றார் மெதுவாக. பிறகு, “நீ வீட்டுக்குப் போ” என்றார்.

மறுநாள் நான் போகவில்லை. கிட்டாரைத் தொடவும் இல்லை. சாயங்காலம் அக்காவே வந்தார். கண் வீங்கியிருந்தது. “அந்தத் தாளைக் கிழிச்சிட்டேன். நடந்ததை நடந்தபடி வேற தாள்ல எழுதித் தா. என்னால கோர்வையாச் சொல்ல வராது” என்றார். என்ன செய்தோம், எப்படி ஏமாந்தோம், பின்பக்கமிருந்து எது எதற்குத் திரும்பவில்லை என்று எல்லாம் எழுதினேன். மேடம் அதை இரண்டு முறை படித்தாராம். தாங்களும் சோதித்துப் பார்த்துக் கருவியின் அளவைக் கூட்டி அனுப்பினார்கள். “அந்தப் பொண்ண வாசிக்கதை நிறுத்த வேண்டாம்னு சொன்னாங்கட்டி. மறைஞ்சிருந்து வாசிக்கணுமாம்” என்றார் அக்கா. தாளைக் கிழித்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

அதன் பிறகு மதியந்தோறும் பாப்பாவின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து மீட்டினேன். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுதினேன். இரண்டு வாரம் எல்லாக் கட்டமும் காலி.

அடுத்த மாத மின்தடை நாள். என் அறையில் எனக்காக வாசித்துக்கொண்டிருந்தேன். தெருவே கேட்டாலும் கேட்கட்டும் என்றாகிவிட்டது. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்கா ஓடி வந்தார். “செவுத்தைக் காட்டுதா! நீ அடிக்கப்பல்லாம் செவுத்தைக் காட்டுதா!”

எனக்கு நம்பப் பயமாக இருந்தது. சுவரின் அதிர்வாக இருக்கலாம், அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கலாம். “நடுவீட்ல, செவுத்தை விட்டுத் தள்ளி உக்கார வைங்க. நீங்க அவளுக்குப் பின்னால நில்லுங்க. குழலைப் போட்டா மட்டும் சத்தம் குடுங்க” என்று அனுப்பினேன்.

என் அறையில் இருந்து ஒரு கம்பியை மீட்டினேன்.

“போட்டுட்டா!”

இருபது எண்ணி, அடுத்ததை மீட்டினேன். “போட்டுட்டா!” உடனே இன்னொன்று. “போட்டுட்டாட்டி!” அக்காவின் குரல் உடைந்திருந்தது.

பிறகு கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்து விநாடி. முப்பது. ஒரு நிமிடம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. குழந்தை கையில் குழலோடு காத்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. கம்பி ஒலிக்காததால் போடவில்லை. அப்போதுதான் நான் அழுதேன்.

இப்போது பாப்பா என்னை “த்தி” என்று கூப்பிடுகிறாள். சித்தி என்பதன் பாதி அது. கார்டு மாற்றுவதில் நான் கொஞ்சம் தேறியிருக்கிறேன், அதிகமில்லை. பிரியமானவர்களுக்கு நல்ல செய்தி சொல்லிவிட மனம் அவசரப்படும்போதெல்லாம் அந்த ஒரு நிமிட மௌனத்தை நினைத்துக்கொள்கிறேன். அதைப் பொறுத்துக்கொண்டு காத்திருந்ததால்தான், அன்று சுவருக்கு அப்பால் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு “கேக்குக்கா” என்று என்னால் துணிந்து சொல்ல முடிந்தது.