தகரத்துக்குள் ஒரு தட்டல்

தெருவில் அவருக்குச் ‘சங்கு’ என்று பெயர். ஆயுசில் பாதியைத் தீயணைப்பு வண்டியிலேயே கழித்தவர். “அவரு வந்து எறங்குனாலே அந்த வீட்டுக்குச் சங்குதான்” என்று அவர் காதுபடவே கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சிரிப்பு எங்கோ போய் ஒளிந்துகொண்டது. பேயறைந்த மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி பார்த்துப் பார்த்துச் சலித்து, ஒரு சாயங்காலம் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பெட்டி கீச்சுக் கீச்சென்றது.

“கோழிக்குஞ்சுங்க. நேத்துதான் பொரிச்சுதாம். இனிமே உங்க பொறுப்பு.”

“எனக்குக் கோழியப் பத்தி என்னடி தெரியும்? தட்டுல பாத்ததோட சரி.”

“அதுங்களுக்கும் உங்களப் பத்தி ஒண்ணும் தெரியாது. சரியாப் போச்சு.”

தாயில்லாத குஞ்சுக்குச் சூடுதான் தாய் என்று பண்ணைக்காரர் அவளிடம் சொல்லியனுப்பியிருந்தார். பின்னறையில் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே உமி பரப்பி, நடுவில் பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் குளிர். தகரத்தோரம் ஒதுங்கினால் புழுக்கம். பரவிக் கிடந்தால் சுகம். பாடம் அவ்வளவுதான்.

மனைவி குஞ்சுகளைப் பார்த்தாள். அவர் பல்பைப் பார்த்தார். கீழே காய்ந்த உமி, மேலே கொதிக்கும் கண்ணாடி. இப்படிப்பட்ட அறைகள் எரிந்து முடிந்தபின் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கம்பி போட்டுக் கட்டினார். அதற்கு மேல் சங்கிலி போட்டார். மணல் வாளி ஒன்றையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

“தொங்குறது பல்பா, யானையா?” என்றாள் அவள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டொக். டொக் டொக்.

கையிலிருந்த டம்ளர் நழுவியது. போய்ப் பார்த்தால் ஒரு குஞ்சு தகரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. விளையாட்டுத்தான். ஆனால் அவர் காதில் அது வேறொரு தட்டலாக விழுந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிக்கிடங்கு எரிந்தது. சூட்டில் இரும்பு ஷட்டர் இறுகிப்போயிருந்தது. அதற்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டினார்கள். “இதோ வந்துட்டோம்! தட்டிக்கிட்டே இருங்க!” என்று கத்தியபடி இவர் வெட்டினார். ஷட்டரைப் பிளப்பதற்குள் தட்டல் நின்றுவிட்டது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, சொல்ல ஒன்றுமில்லை. மேலதிகாரி ஆறுதலாகத் தோளில் தட்டினார். அந்தத் தட்டலைக்கூட அவரால் தாங்க முடியவில்லை.

தகரத்தின் உட்புறம் அட்டை வைத்துப் பார்த்தார். குஞ்சுகள் அட்டையைச் சரித்துவிட்டுத் தகரத்தையே தேடிப் போய்க் கொத்தின. சமையலறையில் காய் நறுக்கும்போதும் கேட்டது. குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஒருமுறை வாய்விட்டே, “இதோ வந்துட்டேன்” என்றார். சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

அன்று மத்தியானம் உமி சூடேறும் வாசனை வந்தது. வெறும் சூடுதான், புகையில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. பல்பை அணைத்தார். வெயில்தான் அடிக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அறையைத் தாழிட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.

வெயில் போய் மழை பிடித்துக்கொண்டது. காற்று சில்லென்று வீசியது. தெருவையே வெறித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஏதோ உறைத்தது. வீட்டுக்குள் சத்தமே இல்லை. கீச்சும் இல்லை, டொக்கும் இல்லை. அந்த அமைதியை அவருக்குத் தெரியும்.

விழுந்தடித்து ஓடினார். பதற்றத்தில் தாழ்ப்பாள் கைக்கு அகப்படவில்லை. உள்ளே குஞ்சுகள் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பல்பைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அடியில் கிடந்தவை துணி மாதிரித் துவண்டிருந்தன. அவற்றைச் சட்டைக்குள் போட்டு, நெஞ்சோடு அணைத்தபடி பல்புக்குக் கீழே மண்டியிட்டார்.

“தட்டுங்க,” என்றார். “தட்டிக்கிட்டே இருங்க.”

மனைவி வந்தபோது அவர் அப்படியேதான் இருந்தார். சட்டைக்குள் சில அசைந்தன. ஒன்று அசையவில்லை. அதை அவள் மெல்ல எடுத்துக் கைக்குட்டையில் வைத்தாள்.

“நான்தான் அணைச்சேன்,” என்றார். பிறகு, அத்தனை வருஷமும் அவளிடம் சொல்லாமலிருந்த அந்த ஷட்டரைப் பற்றிச் சொன்னார்.

“யாருங்க அது, உள்ள இருந்தது?” என்று கடைசியில் கேட்டாள்.

“தெரியாது. கேக்கவே இல்ல. பேரு தெரிஞ்சா கூப்பிடத் தோணும்னு பயம்.”

அவள் ஈரப் புடவையோடு அவர் பக்கத்தில் உமியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு பல்பு அணையவில்லை. அவள் கடையில் இருக்கும் நேரத்தில் அவர் நாற்காலியைத் தகரத்தோரம் போட்டுக்கொண்டு, வேர்க்க வேர்க்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் அது பொய். தட்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நின்றால் அதைவிட வேகமாக அடித்துக்கொள்ளும்.

மற்ற குஞ்சுகள் பிழைத்து, இறகு முளைத்து, கொல்லைக்குப் போய்விட்டன. அறையைக் கழுவிக் காயவிட்ட அன்று அவர் திருப்புளியோடு வந்து கதவிலிருந்த தாழ்ப்பாளைக் கழற்றினார்.

“எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“சும்மாதான்,” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காலி அறைக்குள் தலையைச் சாய்த்து நின்றார். அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு அவரோடு சேர்ந்து நின்றாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கிறதா என்று அவரையும் கேட்கவில்லை.